மண்ணெண்ணெய்க் கார்

பழைய கார் வைத்திருப்பவர்கள் பேசுவதை எப்போதாவது கூர்ந்து கேட்டிருக்கிறீர்களா? வீட்டில் ஒரு நோயாளியை வைத்திருப்பவர்கள் மாதிரியே பேசுவார்கள். "காலமையில கொஞ்சம் இருமுது", "மழை பெய்தால் எழும்பாது", "நேற்று நல்லாத்தான் இருந்தது, இண்டைக்கு என்னவோ சத்தம் சரியில்லை..." புதுக்கார்க்காரர் இப்படிப் பேசுவதில்லை. அவருடைய காருக்கு வருத்தம் வந்தால் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். கராஜில் கணினியைச் செருகிப் பார்ப்பார்கள். பில் வரும். அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் முதல் வகை ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். காரணம் ரசனை அல்ல, வேறு வழி இல்லை என்பதுதான். 1970களில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு. புதுக்கார் என்பது கனவு. ஆகவே 1940களிலும் 50களிலும் இங்கிலாந்திலிருந்து வந்த ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் எல்லாம் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டே இருந்தன. 1977க்குப் பிறகு கட்டுப்பாடு தளர்ந்தது. ஆனால் வடக்கில் கொஞ்சக் காலத்திலேயே போர் வந்துவிட்டது. கொழும்பு ஜப்பான் காருக்கு மாறியபோது யாழ்ப்பாணம் "ஏ போட்டி"யை விடவில்லை. 2000களில்கூட யாழ் நகரில் வாடகைக்கு நின்ற ஏ40களைப் பார்த்தவர்கள் இதை வாசிப்பவர்களில் இருப்பீர்கள்.

அப்படி ஒரு ஏ40 உரும்பிராயில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்றது. சோமர்செற் மொடல். 1952 முதல் 1954 வரை மட்டும் செய்யப்பட்டது. 1200 சிசி, நாலு சிலிண்டர், ஏறத்தாழ 40 குதிரை வலு (பெயரில் உள்ள 40 அதுதான்). உருண்டைத் தலை, உருண்டைப் பின்புறம், ஒரு பெரிய ஆமை மாதிரி இருக்கும். அந்த வீட்டு ஐயா அதை வாடகைக்கு ஓட்டினார். கலியாண வீடு, கோயில், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அந்த ஆமைதான் போய்வந்தது. அவருக்கு ஒரே மகன். அவனுக்கு அந்தக் காரைக் கண்ணிலும் காட்டக்கூடாது.

ஏன் என்று கேட்டால், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பொடியன் ஒருவன் தன் நண்பர்கள் பார்க்க நடுத்தெருவில் கார் தள்ளினால் எப்படி இருக்கும்? வாரத்தில் இரண்டு நாள் தள்ளு. மற்ற நாட்களில் முன்னுக்குக் கம்பியை விட்டுச் சுற்று. கம்பி சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைக்கவேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால், சுற்றிப் பிடித்திருக்கும் பெருவிரல் முறியும். அவன் வாழ்க்கையில் கற்ற முதல் மெக்கானிக் பாடம் அதுதான். முறியாமல் கற்றது அதிர்ஷ்டம்.

1990 யூனில் போர் மறுபடி தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், ரோர்ச் பற்றறி, சீமெந்து, உரம் என்று ஒரு நீண்ட பட்டியலுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. அதுவும் போத்தல் கணக்கில், நினைத்த விலைக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்ட காலம் அது.

கார்கள் என்ன ஆயின? நின்றுவிடவில்லை. மண்ணெண்ணெயில் ஓடின.

இது ஏதோ மாயவித்தை போலச் சொல்லப்படுவதுண்டு. அப்படி ஒன்றுமில்லை. தோட்டக்காரர்களின் தண்ணீர் இறைக்கும் மெசின்கள் பல, கொஞ்சம் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடுபவைதான். பிரித்தானியாவில் வந்த பழைய பெர்குசன் உழவு இயந்திரங்களிலும் இப்படி ஒரு வகை இருந்தது. விஷயம் இதுதான்: பெற்றோல் குளிரிலும் ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆகாது. எஞ்சின் சூடாகும் வரை பெற்றோல் கொடுத்தால், பிறகு அந்தச் சூட்டில் மண்ணெண்ணெயும் ஆவியாகி எரியும். இன்னொன்று, மண்ணெண்ணெய் அதிக அழுத்தத்தைத் தாங்காது. நேரத்துக்கு முன்னமே எரிந்து எஞ்சினுக்குள் சம்மட்டியால் அடிப்பது போலச் சத்தம் வரும். ஆனால் ஏ40 மாதிரிப் பழைய எஞ்சின்களில் அழுத்த விகிதம் 7க்குச் சற்று மேலேதான். இன்றைய கார்களில் 10ஐயும் தாண்டும். அந்தக் காலத்து மட்டமான பெற்றோலுக்காக இங்கிலாந்துக்காரன் குறைத்து வைத்த அழுத்தம், நாற்பது வருடத்துக்குப் பிறகு உரும்பிராயில் கைகொடுத்தது!

ஐயா பொனற்றுக்குள் ஒரு சின்னப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டார். அதற்குள் பெற்றோல். சேலைன் ஏற்றும் குழாய் ஒன்று அதிலிருந்து கார்பரேற்றருக்குப் போனது. ஸ்பார்க் விழும் நேரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார், சம்மட்டிச் சத்தம் குறைந்தது. புகை? அதைக் கேட்காதீர்கள். கார் போய் ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் ஒழுங்கையில் அது போன அடையாளம் நிற்கும். சிலர் மண்ணெண்ணெயோடு சமையல் எண்ணெயும் கலந்தார்கள். அந்த வண்டிகள் போனால் வடை சுடும் வாசம் வரும். பசியோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு அது பெரிய கொடுமை :-)

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் தண்ணீராகும். பிளக்குகளில் கரி பிடிக்கும். ஐயா தினமும் ஒயில் கம்பியை இழுத்து, விரலால் தொட்டு, மணந்து பார்ப்பார். மகனுக்கு அவர் சொன்னது விசித்திரமாக இருந்தது.

"ஒயில் குறைஞ்சால் பயப்பிடாதை தம்பி. கூடினால்தான் பயப்பிட வேணும்."

எதுவும் ஊற்றாமல் அளவு கூடுகிறது என்றால் மண்ணெண்ணெய் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். குறைவதைக் கவனிக்க எல்லோருக்கும் தெரியும். கூடுவதைச் சந்தேகிக்கப் பழகவேண்டும்.

வீட்டில் இன்னொரு சிக்கல். மண்ணெண்ணெய் காருக்கு மட்டும் அல்ல. அதே கானிலிருந்துதான் விளக்குக்கும் எடுக்கவேண்டும். ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட சின்ன விளக்கு. அந்த வெளிச்சத்தில்தான் அவன் ஓ.எல். பரீட்சைக்குப் படித்தான். அம்மா ஒவ்வொரு இரவும் கானைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார்.

"பிள்ளை படிக்கிறதுக்கு எண்ணெய் இல்லை. உந்தப் பிசாசு மட்டும் வயிறு முட்டக் குடிக்குது."

ஐயா பதில் சொல்லமாட்டார். கார் ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்பது அம்மாவுக்கும் தெரியும். இருவரும் சொன்னது சரி. அதனால்தான் அந்தச் சண்டை ஒருநாளும் முடியவில்லை. அவனுக்கோ இரண்டு பக்கமும் கோபம் வரவில்லை, கார் மேல்தான் வந்தது. தன் புத்தகத்தின் மேல் விழவேண்டிய வெளிச்சத்தை அது குடித்துப் புகையாக விடுகிறது என்று நினைத்தான்.

1993இல் ஒரு இரவு எல்லாம் மாறியது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி. முதல் பிள்ளை. நேரம் பதினொரு மணிக்கு மேல். ஐயாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், எழுந்து நிற்கவே உடம்பு நடுங்கியது. ஆனாலும் அந்த அக்காவின் தாய் வந்து படலையில் நின்றபோது அவர் சேட்டைப் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார். மகனைப் பக்கத்தில் ஏற்றினார். பின் சீற்றில் அக்காவும் தாயும். ஹெலி வந்தாலும் என்று ஹெட் லைற்றில் பாதிக்கு மேல் கறுப்பு மை. பலாலி வீதியில் கார் உருண்டது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஏழு கிலோமீற்றர் அளவுதான்.

கோண்டாவில் தாண்டியதும் கார் இரண்டு தரம் விக்கியது. பிறகு நின்றுவிட்டது.

தெருவில் ஒரு வெளிச்சம் இல்லை. ஒரு சனம் இல்லை. பின் சீற்றில் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறார். ஐயா இறங்கப் பார்த்தார், கால் நிற்கவில்லை. அவன் இறங்கினான். பொனற்றைத் திறந்தான். பதற்றத்தில் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பெற்றோல் போத்தலை எடுத்துக் கார்பரேற்றரின் வாய்க்குள் ஊற்றினான். அளவில்லாமல். கம்பியைச் சுற்றினான். எஞ்சின் பிடித்தது! பத்துச் செக்கன் நன்றாக ஓடியது. பிறகு மறுபடி நின்றது.

போத்தலைத் தூக்கிப் பார்த்தான். அடியில் இரண்டு தேக்கரண்டி அளவு மிச்சம்.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயா, பெற்றோலை ஊத்திப்போட்டன். முடிஞ்சுது" என்றான்.

ஐயா பேசமாட்டார் அல்லது அடிப்பார் என்றுதான் நினைத்தான். அவர் சீற்றில் சாய்ந்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"பத்துச் செக்கன் ஓடினது. அது உனக்கு என்ன சொல்லுது?"

அவனுக்கு விளங்கவில்லை.

"எஞ்சினுக்கு மூண்டு சாமான்தான் வேணும். காத்து, நெருப்பு, எண்ணெய். பத்துச் செக்கன் ஓடினால் எது எது இருக்கு?"

அவன் யோசித்தான். ஓடியது என்றால் ஸ்பார்க் இருக்கிறது. காற்றும் போகிறது. ஊற்றிய பெற்றோல் தீர்ந்ததும் நின்றது. அப்படியென்றால் மண்ணெண்ணெய் வந்து சேரவில்லை.

"அப்ப பிளக்கைக் கழட்டாதை. வயரைத் தொடாதை. எண்ணெய் வாற வழியை மட்டும் பார். பின்னாலயிருந்து முன்னுக்கு வா."

ரேங்கில் எண்ணெய் இருந்தது, மூடியைத் திறந்து ஈர்க்கு விட்டுப் பார்த்தான். அடுத்தது எண்ணெய்ப் பம்ப். அதன் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும், அழுக்கும் தண்ணீரும் அதில் தங்குவதற்கு. இருட்டில் தடவித் திருகைத் தளர்த்திக் கழற்றினான். விரலை விட்டால் வழுக்கவில்லை. எண்ணெய் வழுக்கும், தண்ணீர் வழுக்காது. கிண்ணம் நிறையத் தண்ணீர், கம்பி வலையில் சேறு மாதிரி ஏதோ. யாரோ கடைக்காரன் மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்து விற்றிருக்கிறான். கொட்டினான், சேட்டு நுனியால் துடைத்தான், வலையை வாயால் ஊதினான். வாயெல்லாம் மண்ணெண்ணெய். பூட்டினான். பெற்றோல் இல்லாமலே கம்பியை இருபது முப்பது தரம் சுற்றினான், பம்ப் எண்ணெயை இழுத்துக் கார்பரேற்றரை நிரப்பட்டும் என்று. அது ஐயா சொல்லாமலே அவனாக யோசித்தது. பிறகு அந்த இரண்டு தேக்கரண்டியையும் ஊற்றினான்.

எஞ்சின் பிடித்தது. விக்கியது. பிறகு நிற்காமல் ஓடியது.

ஆஸ்பத்திரி வாசலில் ஐயா எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி எடுக்கப் பெற்றோல் இல்லையே. அக்காவை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருந்த காரிலேயே திரும்பி வந்தார்கள். விடியப்புறம் பெண்பிள்ளை பிறந்தது என்ற செய்தி மத்தியானம் சைக்கிளில் வந்தது. ஐயா காய்ச்சலோடு படுத்திருந்தார். அம்மா அன்றைக்கு விளக்குக்கும் காருக்கும் கானை ஆட்டிப் பார்க்கவில்லை.

அவன் அந்த இரவைப் பல தரம் யோசித்துப் பார்த்திருக்கிறான். பெற்றோலை வீணாக்கியதாகத்தான் அவன் நினைத்தான். ஆனால் அந்தப் பத்துச் செக்கன்தான் பதிலைச் சொன்னது. கார் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, அவன் அழுதுகொண்டிருந்தான். பழுது என்பது கார் பேசாமல் விடுவது அல்ல, அது பேசுகிற ஒரு முறை. கேட்கிறவன்தான் இல்லை.

அதற்குப் பிறகு அவன் காரைத் திட்டவில்லை. கற்கத் தொடங்கினான். நாலு சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது எப்படி? எஞ்சின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாக, பிடி காய்ந்த துணியாக இருக்க, கழற்றிப் பார்க்கவேண்டும். எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் சோம்பேறி. கொன்ராக்ற் பொயின்றைச் சின்ன அரத்தால் தேய்ப்பது எப்படி, இடைவெளியைத் தகடு வைத்து அளப்பது எப்படி, காஸ்கெற் கிடைக்காவிட்டால் தடித்த மட்டையில் வெட்டிக் கிறீஸ் பூசிப் போடுவது எப்படி... ஐயாவின் சட்டம் ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றை ஒன்றாக மாற்றினால் கார் ஓடினாலும் நீ ஒன்றும் படிக்கவில்லை.

(இந்தச் சட்டத்தைப் பரீட்சைக்குப் படிக்கும்போதும் பயன்படுத்தலாம். கணினி ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் கட்டாயம் பயன்படுத்தவேண்டும்.)

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்ட நாள். லட்சக்கணக்கான பேர். செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் முக்கிய வழி. மழை வேறு. வீட்டில் அப்பாச்சி நடக்கமாட்டார். கானில் கொஞ்சம் மண்ணெண்ணெய் இருந்தது. அவன் கம்பியை எடுத்துக்கொண்டு காரடிக்குப் போனான்.

ஐயா தடுத்தார். "வேண்டாம்."

"அப்பாச்சியை எப்பிடிக் கொண்டுபோறது?"

"சைக்கிளில் இருத்தித் தள்ளுவம். உதை எனக்குத் தெரியும் தம்பி. உது பாலத்தடியில நிண்டால் பின்னால வாற சனம் என்ன செய்யும்?"

கார் பற்றி அவர் சொன்னவற்றில் அவனுக்கு மறக்காதது இதுதான். தன் காரை அவ்வளவு நேசித்தவர், அது எப்போது நம்பமுடியாதது என்பதையும் அவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார். நேசத்தால் கண் மறைந்திருந்தால் அன்றைக்கு அந்த ஆமை பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றிருக்கக்கூடும்.

போகும் முன்பு ஐயா டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். அதற்குள் சுழலும் ஒரு சின்னத் துண்டு இருக்கும், ரோட்டர் என்பார்கள். பெருவிரல் அளவு, கறுப்பு பேக்கலைற், மேலே ஒரு பித்தளைத் தகடு. நாலு பிளக்குக்கும் நெருப்பைப் பங்கு வைப்பது அதுதான். திருகு ஆணி ஒன்றும் இல்லை, கையால் இழுத்தால் வந்துவிடும். அது இல்லாவிட்டால் உலகத்து மெக்கானிக் எல்லாம் வந்தாலும் கார் எழும்பாது. அதைச் சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். பிறகு சைக்கிளைத் தள்ளினார்கள். விடியும்வரை தள்ளினார்கள்.

சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் ஆறு மாதம். 1996 சித்திரைக்குப் பிறகு சனம் திரும்பத் தொடங்கியபோது அவர்களும் திரும்பினார்கள். அப்பாச்சி திரும்பவில்லை. கார் நின்றது. நாலு சில்லும் இல்லை, பற்றறி இல்லை, சீற் இல்லை. கூரை மேல் ஒரு காய்ந்த தென்னோலை. எஞ்சின் மட்டும் அப்படியே. வீட்டுக்கும் கூரை பாதிதான் மிச்சம். ஐயா முதலில் வீட்டைப் பார்க்கவில்லை என்று அம்மா கடைசிவரை சொல்லிச் சொல்லிக் கோபித்தார்.

சில்லும் பற்றறியும் தேடி, அந்தக் கார் மறுபடி ஓட எட்டு மாதம் ஆனது. ஸ்ரார்ட்டரைச் சுற்ற வலு இல்லாத பற்றறிதான் கிடைத்தது. கம்பி சுற்றினால் போதும், ஸ்பார்க் கொயிலுக்கு மட்டும் அது காணும். ரோட்டரைத் துடைத்துப் போட்டது மகன். ஐயா கேட்கவில்லை, அவனாகவே கையை நீட்டி வாங்கினான்.

2002இல் ஏ9 பாதை திறந்தது. ஜப்பான் வான்களும் புதிய மோட்டார் சைக்கிள்களும் வந்தன. ஏ40க்கு வாடகை குறைந்தது. ஐயாவுக்குக் காதும் குறைந்தது. கடைசி வருடங்களில் அவருக்கு எஞ்சின் சத்தம் கேட்காது. பொனற் மேல் உள்ளங்கையை வைத்து நிற்பார், காய்ச்சல் பார்ப்பது மாதிரி. கொஞ்ச நேரத்தில் சொல்வார்: "ஒண்டு அடிக்கேல்லை. பார்." பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.

ஐயா போய்ப் பல வருடம். அவன் இப்போது "அவர்" ஆகிவிட்டார். ஒரு அலுவலகத்தில் வேலை. வேலைக்குப் போக ஒரு பாவித்த ஜப்பான் கார். ஏ40 மாமரத்தின் கீழ் படங்கு போர்த்தி நிற்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எழுப்புவார்.

2022 வந்தது. நாட்டில் பெற்றோல் இல்லை. நாள்கணக்கில் வரிசை. யூலையில் கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். ஊரில் வயது போனவர்கள் எல்லோருக்கும் பழைய ஞாபகம். "மண்ணெண்ணெயில விட்டால் என்ன?" என்று அவரிடம் வந்து கேட்டார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னார்: இப்போதைய கார் அதற்கு ஆகாது, அழுத்தம் கூட, எண்ணெயை ஊசி மாதிரி பீச்சும் கருவி, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கணினி, விட்டால் கார் கெட்டுப்போகும். ஏ40 ஓடும். அது ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அவர் ஓட்டவில்லை. மகள் கேட்டாள், ஏன் என்று.

"மண்ணெண்ணெயும் இல்லைத்தானே அம்மா. கடற்தொழில்காரர் கானோட வரிசையில நிக்கினம். நான் அதை வாங்கிப் புகையா விடவோ?"

கானை ஆட்டிப் பார்க்கும் அம்மாவின் சத்தம் அவருக்கு அப்போது கேட்டிருக்கவேண்டும். அந்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபா ஆனது. ஏ40 படங்குக்குள்ளேயே இருந்தது. இப்படி இரண்டாவது தரமும் அந்தக் காரை நிறுத்தி வைத்தது அதன் பழுது அல்ல.

ஆனால் அந்த நாட்களில் மகளுக்கு நேரம் இருந்தது. பஸ் இல்லை, கம்பஸ் வகுப்புகள் ஒன்லைனில். பொழுது போகாமல் பொனற்றைத் திறந்தாள். அவர் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று சாமானை மட்டும் சொன்னார்: காற்று, நெருப்பு, எண்ணெய். மிச்சத்தை அவளே கேட்டுப் படிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

எரிபொருள் பஞ்சம் தீர்ந்து ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் தனியாகக் காரை எழுப்பப் போனாள். எழும்பவில்லை. அவர் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். எழும்பிப் போகவில்லை.

அவள் எண்ணெய் வருகிறதா என்று பார்த்தாள். வருகிறது. ஒரு பிளக் வயரைக் கழற்றி எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்தாள். நெருப்பு இல்லை. நாலு வயரிலும் இல்லை. நாலும் ஒன்றாகப் பழுதாகாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். கொயிலிலிருந்து வரும் நடு வயரைப் பிடித்துப் பார்த்தாள். நீலமாக அடித்தது. ஆக, நடு வயர் வரை நெருப்பு வருகிறது, பிளக்குக்குப் போகவில்லை. இடையில் இருப்பது ஒன்றுதான். டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்தாள்.

கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தபடி நின்றாள். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்து, அவர் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

"அப்பா, சாமானைத் தாங்கோ."

அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், சேட்டுப் பொக்கற்றில் கையை விட்டார்.